மணி அடித்தால் மட்டும் போதுமா?

(ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல் பொறியாளர் ஒருவரின் அனுபவம்)

"நம் சங்கத்து ஆப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்று ஆசிரியர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். 38 ஆண்டுகள் ரயில்வேயில் பழுது அறிக்கை எழுதிப் பழகிய கை இது. கட்டுரை எழுதி அறியேன். "அறிக்கை மாதிரியே இருக்கட்டும் சார். நடந்ததை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்" என்றார் அவர். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். சென்ற ஜனவரியில் ஓர் இரவு நம் ஆப் அடிக்க வேண்டிய மணியை அடிக்கவில்லை. அதைப் பொருத்தியவன் நான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது என்ன செய்திருக்கிறோம் என்பதை உறுப்பினர்கள் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் ஒரு ஆப்?

தமிழ்நாட்டுக்கு வெளியே, அதுவும் வடக்கே, ஒரு தமிழ்ச் சங்கம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பொங்கல் விழா, பட்டிமன்றம், கோடையில் தமிழ் வகுப்பு எல்லாம் சரிதான். ஆனால் பழைய உறுப்பினர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு ஆள். வீட்டில் ஒரு துக்கம் என்றால் தோள் கொடுக்க நாலு பேர். சொந்தம் எல்லாம் 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது இந்த நாலு பேர்தான் சொந்தம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் காலமானார். செய்தி வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கே போடப்பட்டது. ஆனால் அன்று காலை அதே குழுவில் பூங்கொத்துப் படத்தோடு வந்த "இனிய காலை வணக்கம்" மட்டும் முப்பதுக்கு மேல். பாதிப் பேர் அந்தக் குழுவை எப்போதோ மௌனமாக்கி வைத்திருந்தார்கள். சுடுகாட்டில் நாங்கள் ஏழு பேர் நின்றோம். மாலையில்தான் ஒவ்வொருவராகப் போன் செய்து, "எனக்குத் தெரியவே தெரியாதே சார்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

அடுத்த செயற்குழுவில் முடிவானது இது: சங்கத்துக்கென்று ஒரு ஆப் வேண்டும். அதில் அரட்டை கூடாது. உறுப்பினர் பட்டியல், ரத்த வகை, நிகழ்ச்சி நிரல், அவற்றோடு அவசரத்துக்கு மட்டும் அடிக்கும் ஒரு மணி. இருநூறு குடும்பங்கள் உள்ள சங்கத்துக்கு வெளியாரிடம் கொடுத்துச் செய்யப் பணம் ஏது? எங்கள் காலனியில் பி.டெக். மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, "நான் ஃபிளட்டரில் எழுதித் தருகிறேன் அங்கிள்" என்றாள். ஃபிளட்டரில் எழுதினால் ஒரே நிரல் ஆண்ட்ராய்டு போனிலும் ஐஃபோனிலும் ஓடும். "அந்த மணி வேலை மட்டும் நீங்கள் பாருங்கள். நீங்கள் சிக்னல்காரர் ஆயிற்றே" என்று என்னை இழுத்துவிட்டாள். டிப்ளமோ படித்த காலத்தில் வால்வு ரேடியோவைப் பிரித்தவன் நான். ஆனாலும் மணி என்றதும் ஆசை விடவில்லை.

மணி எப்படி வருகிறது?

ஆப் மூடியிருக்கிறது, போன் மேஜை மேல் கிடக்கிறது. அப்படியிருந்தும் செய்தி வந்து மணி அடிக்கிறதே, எப்படி? இதற்குத்தான் புஷ் நோட்டிபிகேஷன் என்று பெயர்.

ஒவ்வொரு ஆப்பும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் சர்வரைக் கூப்பிட்டு, "எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பது ஒரு வழி. ஐம்பது ஆப் இப்படிக் கேட்டால் பாட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே போன் ஒரே ஒரு கம்பியைத்தான் திறந்து வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளுக்கு, ஐஃபோன் என்றால் ஆப்பிளுக்கு. எல்லா ஆப்களின் செய்திகளும் அந்த ஒரே பாதையில்தான் வர வேண்டும். ஆப்பிள் இந்தச் சேவையை 2009-இல் தொடங்கியது. கூகுள் 2010-இல் ஒரு பெயரில் தொடங்கி, 2012-இல் பெயரும் முறையும் மாற்றி, 2016 முதல் ஃபயர்பேஸ் கிளவுட் மெஸேஜிங் என்று நடத்துகிறது. சுருக்கமாக எஃப்.சி.எம். கட்டணம் இல்லை. ஐஃபோனுக்கும் இதன் வழியாகவே அனுப்பலாம், எஃப்.சி.எம். அதை வாங்கி ஆப்பிளின் கையில் கொடுத்துவிடும்.

நம் சர்வர் ஒரு ஸ்டேஷன். உறுப்பினரின் போன் இன்னொரு ஸ்டேஷன். நடுவில் கூகுள் ஒரு ஜங்ஷன். நம் வண்டி ஜங்ஷன் வரை போய்ச் சேர்ந்ததா என்பது நமக்குத் தெரியும். அதற்கு அப்பால் என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. அங்கேதான் தவறு ஆரம்பம்.

பொருத்திய கதை

பொருத்துகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு ஊர்ச் சங்கங்களில் யாராவது முயன்றால் உதவும்.

முதலில் ஃபயர்பேஸ் தளத்தில் நம் ஆப்பைப் பதிவு செய்தோம். அது ஒரு சிறிய கோப்பு தருகிறது. நம் ஆப்பின் முகவரி அட்டை போல. அதை நிரலுக்குள் உரிய இடத்தில் வைத்தோம். பிறகு ஃபிளட்டருக்கென்று உள்ள ஃபயர்பேஸ் மெஸேஜிங் பிளக்-இன்னைச் சேர்த்தோம். ஆப் முதல்முறை திறக்கும்போது எஃப்.சி.எம். அந்தப் போனில் உள்ள நம் ஆப்புக்கு நீளமான ஓர் அடையாளச் சரத்தைத் தருகிறது. அதற்கு டோக்கன் என்று பெயர். சிங்கிள் லைனில் நீல்ஸ் டோக்கன் உருண்டையைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் என்பது நினைவு வந்து சிரித்துக்கொண்டேன். இந்த டோக்கனை நம் சர்வரில் உறுப்பினர் பெயருக்கு எதிரே எழுதி வைக்கிறோம். அவசரம் வந்தால் சர்வர் டோக்கனைக் காட்டி, "இந்தப் போனுக்கு இந்தச் செய்தி" என்று எஃப்.சி.எம்.மிடம் கொடுக்கும்.

அனுப்பும் உரிமைக்கு ஒரு தனிச் சாவி உண்டு. நாங்கள் பார்த்து எழுதிய பழைய பாடத்தில் ஒரு சர்வர் சாவியை அப்படியே ஒட்டினால் போதும் என்று இருந்தது. ஒட்டினோம், வேலை செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அந்தப் பழைய முறையை நிறுத்தப் போவதாக 2023 ஜூனிலேயே அறிவித்து, 2024-இல் மூடிவிட்டார்கள். புதிய முறையில் சர்வர் தன்னிடமுள்ள சாவிக் கோப்பைக் காட்டி ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது சுமார் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். பிறகு புதுச் சீட்டு. இது நல்ல ஏற்பாடு. சாவிக் கோப்பு மட்டும் சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் தம் சாவியை இடுப்பில் வைத்திருப்பதைப் போல வைத்திருக்க வேண்டும். ஆப்புக்குள்ளேயே அதை வைத்துவிட்டால், யாரோ பிரித்து எடுத்து நம் பெயரில் எல்லோர் வீட்டு மணியையும் அடிப்பார்.

செலவு: ஆண்ட்ராய்டு கடையில் ஆப் வைக்க ஒருமுறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். பொருளாளர் முகம் சுருங்கியது. இருந்தாலும் ஐஃபோன் வைத்திருப்பவருக்கும் துக்கம், அவசரம் உண்டே என்று கையெழுத்துப் போட்டார்.

சின்னச் சின்னக் கோளாறுகள்

முதல் சோதனையில் மணி அடித்தது. ஆனால் நம் சங்கத்து முத்திரை வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். ஆண்ட்ராய்டு அந்தச் சின்னப் படத்தின் வண்ணத்தைப் பார்க்காது. எங்கே மை இருக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். முழுவதும் வண்ணம் பூசிய படம் அதற்கு ஒரு சதுரம்தான். வெள்ளை நிறத்தில், பின்புலம் இல்லாத படம் செய்து வைத்ததும் சரியாயிற்று.

அடுத்த கோளாறு வேடிக்கையானது. ஆப் மூடியிருந்தால் செய்தி வரும். திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது! ஆப் கண் முன்னால் திறந்திருக்கும்போது எஃப்.சி.எம். தானாக எதையும் காட்டாது. செய்தியை ஆப்பின் கையில் கொடுத்து, "நீயே சொல்லிக்கொள்" என்று விட்டுவிடும். அதற்கென்று தனியாக நிரல் எழுத வேண்டும். அப்படியென்றால் எல்லாச் செய்தியையும் நாமே வாங்கி நம் விருப்பப்படி காட்டலாமே என்று, டேட்டா வகைச் செய்தியாகவே அனுப்பத் தீர்மானித்தோம். இந்த முடிவுக்கும் பின்னால் விலை கொடுத்தோம்.

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஒரு செய்திக்கு அதிகபட்சம் 4096 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "சங்கம்" என்ற சொல்லுக்கு மட்டும் 18 பைட். அவசரச் செய்திக்கு இது தாராளம்தான். ஆனால் செயலாளர் தம் வழக்கமான பாணியில், "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட" என்று தொடங்கினால் போன் திரையில் அந்த அடைமொழியோடு வரி முடிந்துவிடும். ரத்த வகையும் ஆஸ்பத்திரியின் பெயரும் முதலில் வர வேண்டும் என்று அவரிடம் பணிவுடன் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்த இரவு

ஜனவரி மூன்றாம் வாரம். நம் ஊர் மூடுபனி அன்பர்கள் அறிந்ததே. எதிர் வீட்டு விளக்கு தெரியவில்லை. இரவு 11:40-க்குச் செயலாளர் போன் செய்தார். உறுப்பினர் ஒருவரின் மனைவிக்குக் காலையில் அறுவை சிகிச்சை. பி நெகடிவ் ரத்தம். விடிவதற்குள் இரண்டு பேர் வந்தால்தான் பரிசோதனை முடித்துத் தயாராக வைக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நம் பட்டியலில் பி நெகடிவ் ஒன்பது பேர். செய்தியை அனுப்பினேன். ஒன்பதுக்கும் எஃப்.சி.எம்.மிலிருந்து உடனே சரி என்று பதில் வந்தது. "ஒன்பது பேருக்கும் போய்விட்டது" என்று செயலாளருக்குச் சொல்லிவிட்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் கூப்பிட்டார். அவர் மகள் திருமணத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தார். "நான் இங்கே இருக்கிறேனே, அங்கே யாராவது கிளம்பினார்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். "ஒன்பது பேரில் ஒருவர்கூடவா? அப்படி இருக்காதே சார். நம் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லையே. ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பாருங்கள்" என்றார். கல்யாண வீட்டில் இருந்துகொண்டு அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அதுவரை மனத்துக்குள் மற்ற எட்டுப் பேர் மேலும் ஒரு வருத்தம் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினேன். முதலில் எடுத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருப்பவர். தூங்கக்கூட இல்லை, கையில் அதே போனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். "மணியே அடிக்கவில்லையே சார்!" என்றார். அந்தப் பனியில் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நான்காவதாக எடுத்தவர் தம் மகனை எழுப்பிக் காரில் போனார். விடிவதற்குள் இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. அந்த அம்மா சித்திரை விழாவுக்கு வந்திருந்தார்.

ஆனால் எனக்கு அன்று தூக்கம் இல்லை. திருச்சியிலிருந்து அந்த ஒரு போன் வந்திராவிட்டால்?

பழுது அறிக்கை

மறுநாள் முதல் ஒரு வாரம் ஒன்பது பேர் வீட்டுக்கும் நானும் அந்தப் பெண்ணும் நேரில் போனோம். ரயில்வேயில் பழுது என்றால் முதலில் இடத்துக்குப் போ, பிறகு பேசு என்பார்கள். கண்டது இது.

இரண்டு பேர் தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கியிருந்தார்கள். நம்மிடம் இருந்தது பழைய போனின் டோக்கன். பழைய போன் அணைந்து அலமாரியில் கிடந்தது. எஃப்.சி.எம். நம் செய்தியை வாங்கி, அந்தப் போன் எப்போது விழிக்கும் என்று காத்திருந்தது. வேறு சொல்லாவிட்டால் நான்கு வாரம் வரை அப்படிக் காத்திருக்கும்.

ஒருவர் ஆப்பை நிறுவியபோது, "அறிவிப்புகளை அனுமதிக்கலாமா?" என்று வந்த கேள்விக்கு "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தார். ஐஃபோனில் இந்தக் கேள்வி தொடக்கம் முதலே உண்டு. ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. அவர் மேல் குற்றம் இல்லை. தெரியாத எதற்கும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லித்தானே பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்?

மூன்று பேர் போனில் செய்தி காலையில்தான் வந்தது. அசையாமல் கிடக்கும் போன் திரை அணைந்து வெகுநேரம் ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டில் 2015 முதல் இந்த வழக்கம் உண்டு. அப்போது உயர் முன்னுரிமை உள்ள செய்திதான் அதை எழுப்பும். சாதாரணச் செய்தி போன் தானாகக் கண் விழிக்கும் நேரம் வரை காத்திருக்கும். டேட்டா வகைச் செய்திக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் சாதாரணம்தான். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. போதாதற்கு, சில போன்களில் பாட்டரி மிச்சம் பிடிப்பதற்காக, நாள்கணக்கில் திறக்காத ஆப்பை அடக்கி வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் என்று நாம் செய்த ஆப்பை யார் தினமும் திறப்பார்கள்?

மற்ற இரண்டு பேருக்குச் செய்தி உடனே வந்திருக்கிறது. ஓசை இல்லாமல் வந்திருக்கிறது. சினிமா பார்த்தவர் இந்த இருவரில் ஒருவர். 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு வகை அறிவிப்புக்கும் ஒரு சேனல் அமைக்க வேண்டும். அது சத்தம் போடலாமா, திரையில் எட்டிப் பார்க்கலாமா என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். சோதனைக் காலத்தில் வீட்டில் ஓயாமல் மணி அடிக்கிறது என்று நானே அதைக் குறைத்து வைத்திருந்தேன். வெளியிடும் முன் உயர்த்தினேன். ஆனால் ஒருமுறை அமைத்த சேனலின் முக்கியத்துவத்தை ஆப் தானாக உயர்த்த முடியாது. போனின் சொந்தக்காரர்தான் முடியும். சோதனைக்கு உதவ முன்வந்து முதலில் நிறுவியவர்கள் அந்த இருவரும்தான். உதவிக்கு வந்தவர்கள் போனையே ஊமையாக்கியிருந்தேன்.

ஒன்பதில் மிச்சம் ஒருவர், திருச்சிக்காரர். அவருக்கு மணி சரியாக அடித்தது.

பழைய பாடம்

நான் 1981-இல் வேலைக்குச் சேர்ந்தபோது, அன்று வடக்கு ரயில்வேயில் இருந்த அலகாபாத் டிவிஷனில் கான்பூருக்கும் டூண்ட்லாவுக்கும் இடையே பிளாக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. இரண்டு ஸ்டேஷன்கள் மணி மூலம் பேசிக்கொள்ளும். ஓர் அடி என்றால் "கவனி". இரண்டு அடி, "லைன் கிளியரா?" மூன்று அடி, வண்டி பிளாக் செக்ஷனுக்குள் நுழைகிறது. நான்கு அடி, வண்டி வெளியேறிவிட்டது. ஆறு அடி என்றால் ஆபத்து.

இதில் முக்கியம் அடிகளின் எண்ணிக்கை அல்ல. இங்கிருந்து இரண்டு அடி போனால் அங்கிருந்து அதே இரண்டு அடி திரும்பி வர வேண்டும். வராதவரை நாம் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். "நான் அடித்தேனே" என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் விசாரணையில் சொல்லித் தப்ப முடியாது. பதில் மணி வந்ததா என்பதுதான் கேள்வி. இதை ஆயிரம் தடவை பிறருக்குச் சொல்லிக் கொடுத்த நான், கணினித் திரையில் ஒன்பது "சரி" வந்ததும் மறந்துவிட்டேன். அந்தச் "சரி"க்கு, "உங்கள் செய்தியைப் பெற்றுக்கொண்டோம்" என்பதுதான் பொருள்; "சேர்த்துவிட்டோம்" என்பதல்ல. தபால் பெட்டியில் போட்டுவிட்டு, கடிதம் படித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டவன் கதை என் கதை.

இப்போது என்ன செய்திருக்கிறோம்?

அவசரச் செய்திக்கு உயர் முன்னுரிமை கொடுத்தாயிற்று. "அவசரம்" என்று புதுப் பெயரில் உரத்த ஒலியோடு புதுச் சேனல் அமைத்தாயிற்று. புதுப் பெயர் என்பதால் பழைய ஊமைத்தனம் ஒட்டவில்லை. ரத்தம் கேட்கும் செய்திக்கு இரண்டு மணி நேர ஆயுள். அதற்குள் சேராவிட்டால் அழிந்துவிடும்; மூன்றாம் நாள் மணி அடித்து ஒருவரை வீணாக ஓட வைக்காது.

ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் டோக்கனும் தேதியும் புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டில் 270 நாள் அசைவே இல்லாத டோக்கனை எஃப்.சி.எம். காலாவதி ஆக்கிவிடும். அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. மூடுபனியில் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் இரண்டு டெட்டனேட்டர்கள் வைப்போம். எஞ்சின் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். இப்போது ஜி.பி.எஸ். வைத்த ஃபாக் பாஸ் கருவி வந்துவிட்டது. நாங்கள் 270 நாள் காத்திருப்பதில்லை. 30 நாள் தாண்டினால் பட்டியலில் அந்தப் பெயர் சிவப்பாகும். யாராவது போன் செய்து விசாரிப்போம்.

எல்லாவற்றிலும் முக்கியம் பதில் மணி. செய்தியோடு இப்போது இரண்டு பொத்தான்கள் வருகின்றன: "பார்த்தேன்", "வருகிறேன்". அழுத்தினால் நம் சர்வருக்குத் திரும்பி வந்து பெயருக்கு எதிரே குறிக்கப்படும். பத்து நிமிடத்தில் பதில் மணி வராதவர்களின் பெயர்கள் அந்த வாரத்துக்குப் பொறுப்பேற்ற மூன்று பேர் திரையில் வரும். அவர்கள் போனை எடுத்து நேரிலேயே கூப்பிடுவார்கள். இதில் எந்த விஞ்ஞானமும் இல்லை. ஆனால் இதுதான் வேலை செய்கிறது.

மணியை எதற்கு அடிப்பது என்பதிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. ரத்தம், ஆஸ்பத்திரி, மரணம், ஊரில் ஆபத்து. இந்த நான்குக்குத்தான். பொங்கல் விழாவுக்கும் அடிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். செயலாளரே மறுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அடிக்கும் மணியை மக்கள் ஒரு நாள் அணைத்துவிடுவார்கள் என்பதை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தாயிற்று அல்லவா?

மார்ச் மாதம் ஒரு முதிய உறுப்பினர் காலமானபோது காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி போயிற்று. பதில் மணி வராதவர்களை ஆறு மணிக்கெல்லாம் கூப்பிடத் தொடங்கினோம். அன்று சுடுகாட்டில் எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எண்ணுகிற அளவில் கூட்டம் இல்லை.

நம் சங்கத்தில் 84 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். ஆப்பே கிடையாது. பட்டியலில் அவர் பெயர் எப்போதும் சிவப்பு. ஆகவே ஒவ்வொரு முறையும் அவருக்கு முதல் போன் போகிறது. "உங்களுக்கெல்லாம் மிஷின் மணி. எனக்கு மட்டும்தான் மனுஷக் குரல்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

புதுப் போன் வாங்கினால் நம் ஆப்பை நிறுவி ஒருமுறை திறந்து உள்ளே போங்கள். அறிவிப்பை அனுமதிக்கலாமா என்று கேட்டால், நம் ஆப்புக்கு மட்டும் "ஆம்" என்று சொல்லுங்கள். போனின் பாட்டரி அமைப்பில் நம் ஆப்புக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று வையுங்கள். தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். நானும் அந்தப் பெண்ணும் செய்து தருகிறோம்.

ரயில்வேயில் பிளாக் மணியைச் சோதிப்பதற்கென்று 16 அடி தனியாக உண்டு. நாமும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை 11 மணிக்குச் சோதனை மணி அடிக்கும். அடித்தால் "பார்த்தேன்" என்று அழுத்துங்கள். 11:10 வரை அடிக்காவிட்டால் தயவுசெய்து எனக்குப் போன் செய்யுங்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். அடிக்காத மணியைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.